முகில்வாயில்

பிற கலைகளுக்கெல்லாம் உடம்பின் புறத்தே ஒரு கருவி வேண்டும். ஓவியன் வண்ணத்தையும் தூரிகையையும் நாடுவான். சிற்பி கல்லையும் உளியையும் நாடுவான். இசைவாணன் யாழையோ குழலையோ நாடுவான். ஆடற்கலைக்கோ ஆடுவோரின் உடம்பே கருவி. அவ்வுடம்பு ஒரு மண்ணில் பிறந்து, அம்மண்ணின் விளைவை உண்டு, அம்மண்ணின் தொழில்களாலும் வழிபாடுகளாலும் பழக்கப்பட்டு உருப்பெற்றது. உழவர் குனியும் முறையும், மகளிர் குடம் சுமந்து நடக்கும் முறையும், அடியார் கைகூப்பும் முறையும் அவரவர் ஆடலினுள் தாமே வந்து புகுகின்றன. ஆகவே, ஒரு நாட்டாரின் ஆடலைக் காண்பவர் அந்நாட்டாரின் வாழ்வையே காண்பவராவர்.

அங்ஙனமாயின், ஒரு நாட்டார் பிறிதொரு நாட்டாரின் ஆடலைக் கற்கலாமோ? கற்பின், தம் ஆடலை இழந்துவிடுவரோ? இரண்டையும் ஓரரங்கில் இணைத்தல் இயலுமோ? இயலுமெனின், அவ்விணைப்பு எவ்வாறு நிகழ்தல் வேண்டும்? இவ்வினாக்களைப் பற்றிப் பேசுதல் எளிது; உடம்பால் ஆடி விடை காணுதல் அரிது. அங்ஙனம் விடை காண முயன்று, அம்முயற்சிக்கு நாற்பத்தாறு ஆண்டுகளை அளித்த ஆடலாசிரியர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அவர் பெயர் லின் ஹுவாய்-மின். சீன வழக்கில் குடிப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வரும். எனவே, அவரை லின் என்றே சுட்டுவோம்.

சீனப் பெருநிலத்திற்குக் கிழக்கே, கடலிடுக்கு ஒன்றால் பிரிக்கப்பட்டுக் கிடப்பது தைவான் தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 36,000 சதுர கிலோமீட்டர். தொல்குடி மக்கள் அங்குப் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். பதினேழாம் நூற்றாண்டு முதல் சீனக் கடற்கரை ஊர்களிலிருந்து உழவர் பலர் கடல் கடந்து சென்று அத்தீவிற் குடியேறினர். டச்சுக்காரர் அதன் ஒரு பகுதியைச் சிலகாலம் ஆண்டனர். பின்னர்ச் சீனப் பேரரசு ஆண்டது. 1895 முதல் 1945 வரை சப்பானியர் ஆண்டனர். சீன உள்நாட்டுப் போரில் தோல்வியுற்ற அரசு 1949ஆம் ஆண்டில் அத்தீவிற்கு வந்து அமர்ந்தது. அவ்வாண்டு முதல் 1987 வரை அங்குப் படைச்சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆள்வோர் மாறுந்தோறும் ஆட்சிமொழியும் மாறியது. பள்ளிகளிற் கற்பிக்கும் வரலாறும் மாறியது. இத்தகைய தீவிற் பிறந்த ஒருவர், ‘யாம் யார்? எம் மரபு யாது?’ என வினவுதல் இயல்பேயன்றோ?

லின் 1947ஆம் ஆண்டில் அத்தீவின் சியாயி வட்டாரத்திற் பிறந்தார். பாலே ஆடலைப் பொருளாகக் கொண்ட ‘செங்காலணிகள்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைச் சிறு பருவத்திற் கண்டு, ஆடலில் மனத்தைப் பறிகொடுத்தார். ஆயினும், அவர் முதலிற் புகழ் பெற்றது எழுத்தினாலேயாம். 22 வயதிற்குள்ளாகவே அவருடைய சிறுகதைகள் நூல்வடிவம் பெற்றன. இதழியல் பயின்றபின் அவர் அமெரிக்கா சென்று, அயோவாப் பல்கலைக்கழகத்திற் படைப்பிலக்கியம் கற்றார். எழுத்து வகுப்பிற்குச் சென்ற அவர், அங்கே ஆடல் வகுப்பிற்கும் சென்றார். பின்னர் நியூயார்க்கு நகரில், புத்தாடலின் முன்னோடியாகிய மார்த்தா கிரகாம் அம்மையாரின் பள்ளியிலும் பயின்றார். எழுதுகோல் ஏந்திய கை மெல்ல மெல்ல ஆடலின்பால் திரும்பியது.

அவர் கற்றவற்றின் இயல்பை அறிந்தாலன்றி, அவர் செய்ததன் அருமை நமக்கு விளங்காது. ஆதலின், அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, பாலே. அஃது ஐரோப்பிய அரசவைகளில் வளர்ந்த செவ்வியல் ஆடல். இத்தாலியில் தோன்றிப் பிரான்சில் இலக்கணம் பெற்றது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1661ஆம் ஆண்டில் ஆடற்கலைக்கெனக் கழகம் ஒன்றை நிறுவினார். பிரான்சிலே அக்கலை இலக்கணம் பெற்றமையால், இன்றும் உலகெங்கும் அதன் கலைச்சொற்கள் பிரெஞ்சு மொழியிலேயே வழங்குகின்றன. கால்களை இடுப்பிலிருந்தே புறமாகத் திருப்பி நிற்றலும், பாதங்களை ஐந்து நிலைகளில் வைத்தலும், முதுகை நிமிர்த்தி உடலை நீட்டுதலும் அதன் அடிப்படைகள். மகளிர் கால்விரல் நுனியில் நின்று ஆடும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனிற் சிறந்தது. உடம்பிற்கு எடை என்பதே இல்லையோ எனக் காண்போர் மயங்குமாறு ஆடுதலே அதன் பெருமை. சுருங்கக் கூறின், பாலே விண்ணை நாடும் ஆடல்.

இரண்டாவது, புத்தாடல். பாலேயின் இலக்கணம் தம் உள்ளத்து உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்துகின்றது எனக் கருதிய ஆடலர் சிலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றினர். அவருள் தலைசிறந்தவர் மார்த்தா கிரகாம். அவர் 1926ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தம் ஆடற்குழுவை நிறுவினார். மூச்சை விடுங்கால் உடம்பின் நடுப்பகுதி உட்குழிந்து ஒடுங்குகின்றது. மூச்சை வாங்குங்கால் அது விரிந்து விடுபடுகின்றது. ஒடுக்கமும் விடுப்புமாகிய இவ்விரண்டையும் அவர் தம் ஆடலுக்கு அடிப்படையாக்கினார். அவர்தம் குழுவினர் வெறுங்காலோடு ஆடினர், தரையில் விழுந்தனர், விழுந்தவாறே ஆடி எழுந்தனர். பாலே மறைக்க முயன்ற உடம்பின் எடையைப் புத்தாடல் மறைக்காது காட்டியது.

மூன்றாவது, ஆசிய நாட்டு மரபு. இதனை இரு கூறாகக் கொள்ளலாம். ஒன்று, தாய்ச்சி முதலிய உடற்பயிற்சி மரபு. தாய்ச்சி பயில்வோர் முழங்காலைச் சிறிது வளைத்து, உடம்பின் எடையைத் தாழ இறக்கி, மரம் வேரூன்றினாற்போல நிற்பர். அவர்தம் இயக்கம் அடிவயிற்றிற் பிறந்து, இடுப்பு வழியாகவும் முதுகு வழியாகவும் சென்று, கைவிரலை அடையும். அது நேர்கோட்டிற் செல்லாது. வளைந்து வளைந்து, இடையறாது, நீரொழுக்குப் போலச் செல்லும். மற்றொன்று, சடங்கு மரபு. நறும்புகை ஏற்றி முன்னோரை வணங்குதல், முகமூடி தாங்கித் தெய்வத்தை அழைத்தல், நெடுந்தொலைவு நடந்து திருத்தலம் சேர்தல் ஆகியவை சடங்குகள். சடங்கு இயற்றுவோர் காண்போரின் கைதட்டலை வேண்டி அதனை இயற்றுவதில்லை. செய்ததையே மீண்டும் மீண்டும், சிந்தை சிதறாமற் செய்தலே அதன் உயிர். ஆசிய மரபின் இவ்விரு கூறுகளும் மண்ணை நாடுவன; மனத்தை உள்முகமாகத் திருப்புவன.

விண்ணை நாடும் ஆடலையும் மண்ணை நாடும் மரபையும் எங்ஙனம் இணைப்பது? எளிய வழி ஒன்று உண்டு. ஆனால் அது சிறந்த வழியன்று. ஆடலை மாற்றாமலே ஆடையை மட்டும் மாற்றிவிடுதல்தான் அவ்வழி. ஐரோப்பியர் நெடுங்காலம் இதனையே செய்தனர். புதுச்சேரியை அடுத்த தமிழ்நிலத்துக் கோயில் ஆடல்மகளிர் சிலர் 1838ஆம் ஆண்டிற் பாரிசு நகருக்குச் சென்று ஆடினர். அவர்தம் ஆடலைக் கண்டோர் வியந்து எழுதினர். எனினும், இந்தியக் கோயில் ஆடல்மகளைத் தலைவியாகக் கொண்டு 1877ஆம் ஆண்டில் உருசிய நாட்டிற் பெத்திபா என்னும் ஆடலாசிரியர் அமைத்த ‘லா பாயதேர்’ என்னும் பாலேயில், தலைவியின் பெயரும் ஆடையும் இந்தியாவைச் சுட்டின. அவள் அடிவைப்போ முற்றும் ஐரோப்பிய அடிவைப்பாகவே இருந்தது. அந்நாடகம் தன்னளவிற் சிறந்ததே. இன்றும் உலக அரங்குகளில் ஆடப்பெறுவதே. ஆயினும் அதனை இரு மரபுகளின் இணைப்பு என்று கூற இயலாது. ஒரு மரபு ஆட, மற்றொரு மரபு அதற்கு அணிகலனாக நின்றது, அவ்வளவே.

லின் இவ்வெளிய வழியை விலக்கினார். தாயகம் திரும்பிய அவர் 1973ஆம் ஆண்டில் ஓர் ஆடற்குழுவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 26. சீனமொழி வழங்கும் நிலங்களில் தோன்றிய முதல் புத்தாடற்குழு அதுவே என்பர். அக்குழுவிற்கு அவர் இட்ட பெயர் ‘யுன்மென்’ என்பது. ‘முகில்வாயில்’ என அதனைத் தமிழிற் கூறலாம். சீனப் பழநூல்கள் தம் நாட்டின் மிகத் தொன்மையான சடங்காடல் ஒன்றை இப்பெயராற் குறிக்கின்றன. அவ்வாடலின் பெயர் எஞ்சியதேயன்றி, அது எவ்வாறு ஆடப்பெற்றது என்பது எஞ்சவில்லை. அடிவைப்பு அழிந்து பெயர் மட்டும் நின்ற ஆடலொன்றின் பெயரைப் புதிய குழுவிற்கு இட்டமை கருதத்தக்கது. இழந்ததை அவ்வாறே மீட்க இயலாது. ஆனால், அதன் இடத்திற் புதியதொன்றைப் படைக்க இயலும் என்பதே அப்பெயரின் குறிப்பு எனலாம்.

முகில்வாயிற் குழுவினர் பாலே பயின்றனர். கிரகாம் முறையிற் புத்தாடல் பயின்றனர். பீக்கிங் இசைநாடகத்தின் நடைகளையும் தாவல்களையும் பயின்றனர். சீனப் பழங்கதை ஒன்றைத் தழுவி லின் 1975ஆம் ஆண்டில் ‘வெண்பாம்பின் கதை’ என்னும் ஆடலை அமைத்தார். அதில் இசைநாடகத்தின் குறிப்புகளும் கிரகாம் முறையின் ஒடுக்கமும் விடுப்பும் அருகருகே வந்தன. அது நல்ல முயற்சி. மக்களும் அதனை விரும்பினர். ஆனால், கற்ற பாடங்கள் இரண்டும் அவ்வாடலில் இரண்டாகவே தோன்றின. ஒன்று மற்றொன்றோடு உரையாடியது, இன்னும் ஒன்றாகவில்லை.

அவற்றை ஒன்றாக்கும் வழியை அவர் பயிற்சிக்கூடத்திற்கு வெளியே தேடினார். தீவின் மூதாதையர் கடல் கடந்து வந்த வரலாற்றை ஆடலாக்க அவர் எண்ணினார். கண்ணாடி பதித்த கூடத்தில், மெழுகிட்ட தரையிற் பயின்ற கால்களாற் காடு திருத்திய உழவரின் உழைப்பைக் காட்டுதல் எங்ஙனம்? எனவே, அவர் தம் குழுவினரைத் தைப்பே நகருக்கு அண்மையில் ஓடும் சின்தியன் ஆற்றுப் படுகைக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர்கள் பாறைக் கற்களைத் தூக்கினர், சுமந்தனர், ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கினர், கரடுமுரடான கற்களின்மீது வெறுங்காலோடு நடந்தனர். கல்லைச் சுமக்கும் உடம்பு தானே தாழ்ந்து நிற்கக் கற்றது. நூலாற் கற்பிக்க முடியாத ஒன்றை ஆற்றுக்கல் கற்பித்தது.

அங்ஙனம் உருவானதே 1978ஆம் ஆண்டின் பேராடல். அதன் சீனப்பெயர், ஒரு விறகில் எரியும் தீ மற்றொரு விறகிற்குக் கைமாறுதலைக் குறிப்பது. விறகு எரிந்து நீறாகும். தீயோ அணையாது தொடரும். மூதாதையர் மறைவர், அவர்தம் உறுதி மக்களிடத்துத் தொடரும் என்பது கருத்து. ஆடுவோர் நறும்புகைக் குச்சிகளை ஏந்தி முன்னோரை வணங்குதலே அவ்வாடலின் தொடக்கம். பின்னர் அவ்விளைஞரே அம்மூதாதையராக மாறுகின்றனர். மிகப் பெரிய வெண்டுகில் ஒன்று அரங்கிற் கடலலையாக எழுந்து புரள, அதனூடே ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு மக்கள் கடலைக் கடக்கின்றனர். கரை சேர்ந்தபின் நிலத்தைத் திருத்துகின்றனர். இறப்பையும் பிறப்பையும் காண்கின்றனர். குனிந்து நாற்று நடுகின்றனர். இறுதியில் விழாக் கொண்டாடுகின்றனர்.

அவ்வாடல் லின் பிறந்த வட்டாரமாகிய சியாயியில் 1978ஆம் ஆண்டு திசம்பர் 16ஆம் நாளன்று முதன்முதலில் அரங்கேறியது. வரலாறு அந்நாளை வேறொரு வகையிலும் குறித்து வைத்திருக்கின்றது. அமெரிக்க நாடு தைவான் அரசோடு கொண்டிருந்த தூதுறவை முறித்துப் பீக்கிங் அரசை ஏற்றுக்கொள்ளப்போகும் செய்தி அன்றுதான் அத்தீவை எட்டியது. துணை என நம்பிய பெருநாடு கைவிட்டது; இனி என்னாகுமோ என்னும் அச்சம் எங்கும் பரவியது. அவ்வச்சத்தோடு மாலையில் மக்கள் அரங்கிற்கு வந்தனர். புயற்கடலில் மூதாதையர் தத்தளித்து, விழுந்து, எழுந்து கரையேறிய காட்சியைக் கண்டனர். பலர் கண்ணீர் உகுத்தனர், ஆரவாரித்தனர். அம்மாலையில் ஆடல் பொழுதுபோக்காக நிற்கவில்லை. தம் நிலையை மக்கள் தாமே கண்டு தேறுதல் பெற்ற சடங்காக நின்றது. பாலே இலக்கணமும் கிரகாம் முறையும் அவ்வாடலில் இல்லாமற் போகவில்லை. ஆனால், அவற்றைக் காண்போர் வேறு பிரித்துக் காணவில்லை. கடல் கடந்த உழவரையே அவர்கள் கண்டனர். கலப்பு மறைந்து கலை நின்றது.

இத்தகைய வெற்றிக்குப் பின்னும் முகில்வாயிலின் வழி இடர் நிறைந்ததாகவே இருந்தது. லின் 1983ஆம் ஆண்டில் தைப்பே நகரின் தேசியக் கலைக்கல்லூரியில் ஆடற்றுறையை நிறுவி, ஆசிரியப் பணியும் ஆற்றினார். இடைவிடாத உழைப்பாலும் பொருள்நெருக்கடியாலும் தளர்ந்த குழு 1988ஆம் ஆண்டிற் கலைந்தது. மூன்றாண்டுகள் ஆடல் இல்லை. லின் ஆசிய நாடுகள் பலவற்றிற்குப் பயணம் செய்தார். 1991ஆம் ஆண்டிற் குழு மீண்டும் கூடியது. மீண்டும் தொடங்கிய லின் முன்னைய லின்னாக இல்லை. விரைவையும் வீரத்தையும் காட்டிய அவர் இப்போது அமைதியை நாடினார். பழஞ்சீனப் புலவர் சூ யுவான் பெயரால் வழங்கும் வழிபாட்டுப் பாடல்களைத் தழுவி அவர் 1993ஆம் ஆண்டில் அமைத்த ‘ஒன்பது பாடல்கள்’ என்னும் ஆடலில், அரங்கின் முன்புறத்தில் உண்மையான தாமரைக்குளம் ஒன்று இருந்தது. இறுதியில் மாண்டோரின் நினைவாக எண்ணற்ற சிறு விளக்குகள் ஆறுபோல நிரல்பட எரிந்தன.

அதற்கடுத்த ஆண்டில், அதாவது 1994இல், அவர் நம் நாட்டுப் புத்தகயைக்கு வந்தார். நைரஞ்சனை யாற்றின் அண்மையிலுள்ள அப்போதி மரத்தின் அடியில் அமைதியாக அமர்ந்தார். அப்பயணத்தின் பயனாகப் பிறந்தது ‘வழிச்செல்வோர் பாடல்கள்’ என்னும் ஆடல். அரங்கின் ஒருபுறத்தில் துறவி ஒருவர் கைகூப்பிக் கண்மூடி நிற்கின்றார். மேலிருந்து பொன்னிற நெல்மணிகள் ஒற்றைத் தாரையாக அவர் தலைமீது வீழ்ந்துகொண்டேயிருக்கின்றன. ஆடல் முடியும்வரை அவர் அசைவதில்லை. அவரருகே கோலூன்றிய வழிச்செல்வோர் மிக மெல்லச் செல்கின்றனர், நெல்லில் வீழ்கின்றனர், நெல்லை வாரி இறைக்கின்றனர். இவ்வாடலுக்கு வேண்டிய நெல் 3½ டன். எல்லாம் முடிந்தபின், ஒருவர் மட்டும் தனியே வந்து, அரங்கெங்கும் சிதறிக் கிடக்கும் நெல்லை வாருகோலால் இழுத்து, நடுவிலிருந்து வட்டம் வட்டமாக விரித்துக்கொண்டே செல்கின்றார். அதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். அது முடியுமட்டும் காண்போர் பலர் அசையாது அமர்ந்திருப்பர். காலையில் களத்தில் நெல் துழாவும் உழவரின் செயலும் அதுவே. மனத்தை ஒருநிலைப்படுத்தும் துறவியின் செயலும் அதுவே. இசையோ காக்கேசிய மலையை அடுத்த சியார்சிய நாட்டு மக்களின் பாட்டு. எங்கெங்கோ பிறந்தவை எல்லாம் அந்நெல்லின்மீது ஒன்றாயின.

இவ்வாடலுக்கு வேண்டிய அமைதியைப் பயிற்சியாலன்றிப் பெற இயலாது. எனவே, குழுவினர் ஊழ்கத்தில் அமரக் கற்றனர். பின்னர்த் தாய்ச்சி ஆசான் ஒருவரிடம் மூச்சையும் இயக்கத்தையும் இணைக்கும் முறையைக் கற்றனர். ஆயினும், லின் பாலேயைக் கைவிட்டாரல்லர். ஊழ்கம், மூச்சுப் பயிற்சி, தாய்ச்சி, தற்காப்புக் கலை, புத்தாடல், பாலே, தூரிகை எழுத்து ஆகிய யாவும் முகில்வாயிற் குழுவினரின் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. ஒன்றை நாடுவோர் மற்றொன்றை வெறுக்க வேண்டும் என்னும் நியதி இல்லை. பாலே காலுக்கு வலிமையும் உடம்பின் வரைகளுக்குத் தெளிவும் தந்தது. தாய்ச்சி அவ்வுடம்பிற்கு வேரும் மூச்சும் தந்தது. தாழ்ந்து ஊன்றக் கற்ற கால், எழும்போது முன்னினும் உயர எழுந்தது. கிணற்றின் ஆழத்தில் இறங்கிய வாளியன்றோ நிறைந்து மேலே வரும்!

இப்பயிற்சியின் கனியாக 1998ஆம் ஆண்டில் ‘நீர்நிலவு’ என்னும் ஆடல் தோன்றியது. கண்ணாடியிற் கண்ட பூவும் நீரிற் கண்ட நிலவும் மெய்யல்ல என்னும் பௌத்தர் கருத்தே அதன் பொருள். அடிவைப்பு தாய்ச்சியைத் தழுவியது. இசையோ செர்மானிய இசைப்பேரறிஞர் பாக்கு இயற்றியது. ஒற்றை நரம்பிசைக் கருவியில் நீண்டு ஒழுகும் அவ்விசையும், இடையறாது வளையும் அவ்வியக்கமும் மூச்சின் அளவில் ஒன்றுபட்டன. நாட்டால் வேறாயினும் இயல்பால் ஒத்தவற்றை இணைத்தமையால் அது பொருந்திற்று.

தொடர்ந்து 2001, 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் தூரிகை எழுத்தைப் பொருளாகக் கொண்டு மூன்று ஆடல்களை அமைத்தார். தூரிகை எழுத்தில் ஒருமுறை தாளிற் பட்ட மையை அழித்துத் திருத்த இயலாது. எழுதுவோன் மூச்சை அடக்கித் தொடங்கி, ஒரே ஒழுக்கில் எழுதி முடிப்பான். அவ்வெழுத்தின் ஓட்டத்தை ஆடுவோர் தம் முதுகிலும் கையிலும் ஏற்றனர். அரங்கிற் பல வேளைகளில் அவர்தம் மூச்சொலியே இசையாயிற்று.

2008ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது, முகில்வாயிலின் பயிற்சிக்கூடத்தில் தீப்பற்றியது. முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த அரங்கப் பொருள்களும் உடைகளும் ஆவணங்களும் பெரும்பாலும் எரிந்தன. ஆனால், எரிந்தது விறகே, தீ எரியவில்லை. ஆடல்கள் ஆடுவோரின் உடம்பில் இருந்தன. மக்களிற் பல்லாயிரவர் தம்மால் இயன்ற பொருளை அளித்தனர். ஆண்டுதோறும் திறந்தவெளியிற் கட்டணமின்றி ஆடிய குழுவிற்கு மக்கள் செலுத்திய நன்றிக்கடன் அது. 2015ஆம் ஆண்டில் தம்சுய் என்னுமிடத்தில் அக்குழுவிற்குப் புதிய அரங்கம் திறக்கப்பெற்றது.

லின் தம் இறுதிக்காலப் படைப்புகளுள் ஒன்றாக 2013ஆம் ஆண்டில் ‘நெல்’ என்னும் ஆடலை அமைத்தார். தைவானின் கிழக்குப் பகுதியிலுள்ள சிசாங் நெல்வயல்களுக்கு அவர் தம் குழுவினரை அழைத்துச் சென்றார். அரிவாள் பிடித்து அறுவடை செய்யக் கற்பித்தவர் அவ்வூர் உழவர். மண், காற்று, மகரந்தம், கதிரொளி, மணி, தீ, நீர் ஆகியவற்றை அவ்வாடல் காட்டுகின்றது. அங்கு ஒலிப்பன அக்கா என்னும் சீனக் கிளைக்குடியினரின் நாட்டுப்பாடலும் இத்தாலிய இசைநாடகப் பாடலுமாம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கல் சுமக்க ஆற்றிற்குச் சென்ற ஆசிரியர், முதுமையிலும் கற்பதற்காக வயலுக்குச் சென்றார் என்பதை நாம் உளங்கொள்ளல் வேண்டும்.

1999ஆம் ஆண்டில் இரமோன் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தலைமைப் பொறுப்பினின்று விலகினார். செங் சுங்-லுங் என்னும் இளைய ஆடலாசிரியர் 2020ஆம் ஆண்டில் அப்பொறுப்பை ஏற்றார். தீ கைமாறியது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களை இனி மீண்டும் நோக்குவோம். பிறர் கலையைக் கற்கலாமோ எனின், கற்கலாம். ஆனால், அதன் ஆடையை மட்டுமன்றி அதன் இலக்கணத்தை முற்றக் கற்றல் வேண்டும். அங்ஙனம் கற்பின் தம் கலையை இழப்பரோ எனின், தம் மண்ணை மறந்தோர் இழப்பர்; கல் சுமந்தும் நாற்று நட்டும் அதனை அறிந்தோர் இழவார். இரண்டும் எப்போது ஒன்றாகும் எனின், இரண்டையும் இணைக்கும் பொருளொன்று உள்ளத்தில் எழும்போதே ஒன்றாகும். கடல் கடந்தோர் துயரைச் சொல்ல வேண்டும் என்னும் தவிப்பு இல்லாதிருப்பின், லின் கற்ற முறைகள் தனித்தனிப் பாடங்களாகவே நின்றிருக்கும்.

இவ்வுண்மை ஆடலுக்கு மட்டும் உரியதன்று. மொழிக்கும் அறிவியலுக்கும் வாழ்வியலுக்கும் இஃது ஒக்கும். பிறநாட்டு நல்லறிவு பலவும் இந்நாளில் நம் வாயிலிற் குவிந்துள்ளன. அவற்றை அஞ்சி விலக்குதலும் வேண்டா. கண்டவாறே அணிந்துகொள்ளுதலும் வேண்டா. உரிய காலம் உழைத்துக் கற்று, நம் மக்களின் வாழ்வை உற்று நோக்கி, நாம் சொல்ல வேண்டியதை அவற்றாற் சொல்லுதல் வேண்டும். அப்போது கற்றது நம்முடையதாகும்.